‘எனக்கு வராது’



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டே இரண்டு சொற்கள். ‘எனக்கு வராது’. இந்தச் சொற்கள் ஒலிக்காத வீடு நம் நாட்டில் இருக்குமோ என்பது ஐயமே. “எனக்குக் கணக்கு வராது”, “எனக்கு இங்கிலிஷ் வராது”, “எனக்குச் சபையிலே பேச வராது”, “எனக்கு உந்தக் கொம்பியூட்டர் ஒண்டும் வராது”. பிள்ளைகள் சொல்கிறார்கள். பெற்றோர் சொல்கிறார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற உத்தியோகத்தரும் சொல்கிறார். சொல்லும்போது முகத்தில் வருத்தத்தோடு ஒருவகை நிம்மதியும் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். வராது என்று ஆகிவிட்டால், பிறகு அதற்காக வியர்வை சிந்த வேண்டியதில்லை அல்லவா?

நான் தமிழாசிரியன். எனவே இந்த வாக்கியத்தை முதலில் இலக்கணக் கண்கொண்டு பார்க்கவே எனக்குத் தோன்றுகிறது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்பதில் எழுவாய் எது? கணக்கு. பயனிலை எது? வராது. அப்படியானால் பேசுகிற ‘நான்’ எங்கே? நான்காம் வேற்றுமை உருபை ஏற்று, ‘எனக்கு’ என்று ஓரமாய் நிற்கிறேன். வாக்கியத்தில் செயல் செய்ய வேண்டியது கணக்கு, நானல்லன். கணக்கு என்னும் விருந்தாளி படலையைத் திறந்துகொண்டு வர வேண்டும். நான் திண்ணையில் இருந்து வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரவில்லை என்றால் அது கணக்கின் குற்றம்!

இன்னுமொன்று. ‘வராது’ என்ற வினைமுற்றில் காலம் காட்டும் இடைநிலை இல்லை. நேற்று வராது, இன்று வராது, நாளையும் வராது என்று அது எல்லாக் காலத்துக்குமாகக் கதவைச் சாத்திவிடுகிறது. ‘வரவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். நம் வழக்கில் அது இதுவரை நடந்ததை மட்டுமே சொல்கிறது. ‘இன்னும் வரவில்லை’ என்றால், வரக்கூடும் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. ஒரு தவணைப் பரீட்சையில் குறைந்த புள்ளி வாங்கிய பிள்ளை சொல்லக்கூடிய உண்மை ‘வரவில்லை’ என்பதுதான். அவன் சொல்வதோ ‘வராது’ என்று. சான்று ஒரு பரீட்சைக்கு; தீர்ப்பு ஆயுளுக்கு. நான் இன்று பேச வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

இந்தச் சொல் எவருக்கும் பிறவியோடு வருவதில்லை. முன்பள்ளிக்குப் போய், “ஆருக்குப் படம் கீறத் தெரியும்?” என்று கேளுங்கள். எல்லாக் கைகளும் உயரும். அதே கேள்வியைப் பத்தாம் தரத்தில் கேளுங்கள். இரண்டு கைகள் உயர்ந்தால் அதிசயம். இடையிலே என்ன நடந்தது? ஒருவர் சிரித்திருப்பார். ஒருவர் அண்ணனோடு ஒப்பிட்டிருப்பார். “எங்கட பரம்பரைக்கே கணக்கு வராது” என்று வீட்டிலே யாரோ வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். பெரியவர்களுக்கு அது வேடிக்கை. பிள்ளைக்கோ அது சாதகக் குறிப்பு. பிறகு பிள்ளை அந்தப் பாடத்தின் பக்கமே போகாது. போகாததால் தெரியாது. தெரியாததால் புள்ளி குறையும். “பார்த்தீர்களா, சொன்னது சரிதானே” என்று குறிப்பும் பலித்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். எல்லாத் தடைகளும் மனத்திலே இருப்பவை அல்ல. வறுமை ஒரு தடை. இடப்பெயர்வால் பள்ளிக்கூடம் இழந்த ஆண்டுகள் ஒரு தடை. கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்குத் தேவை மூக்குக்கண்ணாடி, உபதேசம் அன்று. எழுத்துகள் இடம் மாறிக் குழம்பும் வாசிப்பு இடர்ப்பாடு உள்ள பிள்ளைக்குத் தேவை அதற்கென்றே பயிற்றப்பட்ட ஆசிரியர். வள்ளுவர் ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் பாடியவர். அதற்கு முன்பே வலியறிதல் என்றும் ஓர் அதிகாரம் பாடியிருக்கிறார். உண்மையான எல்லையையும் கற்பனை எல்லையையும் பிரித்தறிவதே அறிவுடைமை. ஆனால் வேலியைத் தொட்டுப் பார்க்காமல் அது முள்ளா நிழலா என்று சொல்ல முடியாதல்லவா?

தன் வலிமையைத் தான் அறியாதவன் என்றதும் நம் நினைவுக்கு வருபவன் அனுமன். சிறு வயதிலே முனிவர்களுக்குத் தொல்லை கொடுத்ததால், தன் ஆற்றலைப் பிறர் நினைவூட்டும் வரை மறந்திருக்கும்படி சாபம் பெற்றான் என்று வான்மீகத்தின் உத்தரகாண்டம் சொல்கிறது. கம்பனிலே கிட்கிந்தா காண்டத்தின் இறுதியான மயேந்திரப் படலத்தைப் பாருங்கள். கடலைக் கண்டு வானர வீரர்கள் திகைத்து நிற்கிறார்கள். அப்போது முதியவனான சாம்பவன் அனுமனை நோக்கிப் பேசுகிறான். அவன் வெறுமனே ‘உன்னால் முடியும்’ என்று முதுகைத் தட்டவில்லை. அவனுடைய கல்வி, அவனுடைய வலிமை, அவனுடைய பண்பு என்று அனுமனுக்கு அனுமனையே எடுத்து விளக்குகிறான். ஆசிரியத் தொழிலுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. பாராட்டு என்பது பொதுவாக இருக்கக் கூடாது. கண்ட சான்றோடு இருக்க வேண்டும்.

ஆனால் அனுமன் கதை நமக்குப் பாதி வழிதான் துணைவரும். அனுமனுக்கு ஆற்றல் முன்னமே இருந்தது. நினைவு மட்டும் இல்லை. ஆகையால் ஒரு பேச்சே போதுமாயிற்று. நமக்கோ ஆற்றலையே இனித்தான் வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேச்சைக் கேட்டு எழுந்த உற்சாகம் மண்டபத்து வாசலைத் தாண்டுமுன் வடிந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம்.

பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்த காலத்தில் உளவியலாளர் அல்பேர்ட் பண்டுராவின் கருத்தொன்று என்னைக் கவர்ந்தது. ‘இதை நான் செய்து முடிப்பேன்’ என்று ஒருவர் தம்மீது கொள்ளும் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று 1977ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நான்கு ஊற்றுகளை அவர் காட்டினார். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது இரண்டு. பிறர் சொல்லும் ஊக்கமொழி மூன்று. நெஞ்சு படபடப்பு, பதற்றம் போன்ற உடல் உணர்வுகளைத் தான் எவ்வாறு பொருள் கொள்கிறான் என்பது நான்கு. இவற்றுள் வலுவானது முதலாவதே என்பது அவர் முடிவு. சாம்பவன் பேச்சு மூன்றாவது ஊற்று. நமக்கு முதலாவது ஊற்றுத்தான் வேண்டும். நம்பிக்கை வந்த பிறகு செய்வோம் என்று நாம் காத்திருக்கிறோம். உண்மையில் சிறிதளவு செய்தபின்புதான் நம்பிக்கை வருகிறது.

இதற்குத் தமிழ் இலக்கிய வரலாற்றிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் ஆண்டுக்கணக்காகப் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், “என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள்?” என்ற பொருள்பட வினவுகிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை.

முதலியார் கொடுத்த சீவக சிந்தாமணிப் பிரதியைப் பிரித்தால், அது வேறோர் உலகமாக இருந்தது. சமண சமயச் சொற்கள் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரையிலே மேற்கோள்கள் வருகின்றன. அவை எந்த நூலில் உள்ளவை என்பது தெரியவில்லை. ஐயரோ சைவ மடத்துச் சூழலில் வளர்ந்தவர். ‘இது எனக்கு வராது’ என்று அந்தக் கட்டை மூடி வைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. மூடி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அவர் செய்தது என்ன? கும்பகோணத்திலேயே சிந்தாமணியைப் பக்தியோடு படிக்கும் சமணர்கள் இருப்பதை அறிந்தார். அவர்கள் வீடு தேடிப் போனார். கல்லூரி ஆசிரியர் என்ற பெருமையைப் பாராட்டாமல், மாணவன்போல் ஐயம் கேட்டார். வேறு வேறு ஏடுகளை வரவழைத்துப் பாடங்களை ஒப்பிட்டார். புரியாத சொல்லை, இடம் தெரியாத மேற்கோளைக் குறித்து வைத்துத் தேடினார். பகலிலே கல்லூரி வேலை. மிஞ்சிய நேரத்திலே ஏடு. ஏழு ஆண்டுகள் சென்றன. 1887இல் சிந்தாமணி அச்சிலே வந்தது. அதன்பின் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. நம்மவரான சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்ததும் இதே காலந்தான்.

நேயர்களே, பத்துப்பாட்டைத் தொடும்போது ஐயருக்கு இருந்த துணிவு 1880இல் அவரிடம் இருந்ததா? இருக்க நியாயமில்லை. அது சிந்தாமணி தந்த துணிவு. ஒரு சொல், ஒரு செய்யுள், ஓர் ஏடு என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த துணிவு. அதைத் ‘தமிழ்த் தாத்தா’வின் மேதைமை என்று சொல்லி நாம் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அவர் நடந்த அந்தத் தெருக்களை மறந்துவிடுகிறோம்.

மேதைகளின் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கதை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்திலே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணி செய்தது. அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. அப்போது அங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெரும் ஆதரவு தந்தார். சைக்கிள் ஆண்களின் வாகனம், பெண்ணுக்கு அது ஒத்துவராது என்பது ஊர் நம்பிக்கை. பெண்களின் நம்பிக்கையும் அதுவே. பல்லாயிரக் கணக்கான கிராமத்துப் பெண்கள் விழுந்து எழுந்து அதைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு போனார்கள். பேருந்துக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருந்த நேரம் மிஞ்சியது. ஒருத்தி மிதிப்பதைப் பார்த்து அடுத்தவள் ஏறினாள். பண்டுரா சொன்ன இரண்டாவது ஊற்று அது. நம்முடைய யாழ்ப்பாணத்திலும் எரிபொருள் கிடையாதிருந்த போர்க்காலத்தில் சைக்கிள்தானே குடும்பத்தைச் சுமந்தது? சேலையோடு மிதித்த நம் தாய்மாரையும் ஆசிரியைமாரையும் நாம் மறக்கலாமா?

இனி என் வகுப்பறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். கட்டுரை எழுதச் சொன்னால் தலைப்பை மட்டும் எழுதி அடிக்கோடு இடுவான். அடிக்கோடு மிக நேராக இருக்கும். அதற்குக் கீழே ஒன்றும் இராது.

“ஏன் தம்பி எழுதேல்லை?”

“எனக்குக் கட்டுரை வராது சேர்.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லுறவை சேர். அண்ணாவுக்கும் வராது.”

“சரி, கட்டுரை வேண்டாம். காலமை வரேக்க வழியில என்ன கண்டனீ?”

“ஒண்டும் காணேல்லை சேர்.” சிறிது நேரம் பொறுத்துச் சொன்னான்: “சந்தியில ஒரு மாடு படுத்துக் கிடந்தது. பஸ்காரன் ஹோர்ன் அடிச்சு அடிச்சுப் பார்த்தான். மாடு எழும்பேல்லை. பஸ்தான் சுத்திப் போனது.”

“உதை அப்பிடியே எழுது.”

எழுதினான். மூன்று வரி. எழுத்துப் பிழை நான்கு. பிழைகளை அன்று நான் திருத்தவில்லை. மாடு நன்றாக இருக்கிறது என்று மட்டும் குறித்தேன். அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. ஒரு சிறிய கொப்பி. நாளொன்றுக்கு ஐந்து வரி. வழியிலே கண்டதை மட்டும் எழுத வேண்டும். காலையில் வகுப்பு தொடங்குமுன் என் மேசையில் கொப்பி இருக்க வேண்டும். ஐந்து வரிக்கு மேல் எழுத அனுமதி இல்லை! சில நாள் கொப்பி வராது. அடுத்த நாள் விசாரணை எதுவும் இல்லை. அன்றைய ஐந்து வரி போதும். இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், “சேர், ஐஞ்சு வரி காணாது” என்று வந்து நின்றான். விடியற்புறம் தகப்பனார் கடலால் வந்து, அறுந்த வலையைக் கையில் எடுத்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்ததை அன்று அவன் எழுதியிருந்தான். ஒன்றரைப் பக்கம்.

அவன் எழுத்தாளன் ஆகவில்லை. சாதாரண தரத்தில் தமிழில் திறமைச் சித்தி பெற்றான். தகப்பனாரோடு தொழிலுக்குப் போனான். இன்று ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதுபவன் அவன்தான். ஒரு முறை பலருடைய வலைகள் அறுபட்டபோது, நட்டஈடு கேட்டுத் திணைக்களத்துக்குப் போன கடிதமும் அவன் எழுதியதே. யாருடைய வலை, எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நட்டம் என்று கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தான். ‘எனக்கு வராது’ என்ற சொல் அவனிடம் நிலைத்திருந்தால், அந்தக் கடிதத்துக்காக அவர்கள் ஊரார் வேறு யாருடைய வாசலிலோ காத்து நின்றிருப்பார்கள். ஒரு பிள்ளையின் தாழ்வெண்ணம் அவனோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு குடும்பத்தை, சில வேளை ஓர் ஊரையே வாயில்லாததாக்கிவிடும்.

அந்தக் கொப்பியிலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, சொல்லை மாற்றுங்கள். வீட்டிலே ‘வராது’ என்ற சொல் எழும்போதெல்லாம் ‘இன்னும் வரவில்லை’ என்று திருத்திச் சொல்லுங்கள். பிள்ளையைத் திருத்துமுன் நம்மை நாமே திருத்திக்கொள்வோம்.

இரண்டாவது, அளவைச் சிறிதாக்குங்கள். ‘இந்த வருடம் ஆங்கிலம் படிப்பேன்’ என்பது சங்கற்பம். ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு தலைப்பை வாசிப்பேன்’ என்பது வேலை. தோற்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும். சபையிலே பேசப் பயமா? அடுத்த கூட்டத்தில் நன்றியுரையை மட்டும் கேட்டு வாங்குங்கள். நெஞ்சு படபடக்கும். சபைக்கு மரியாதை செய்யும் எவருக்கும் படபடக்கும். அது முடியாது என்பதன் அறிகுறி ஆகாது.

மூன்றாவது, நேரத்தையும் இடத்தையும் கட்டிப்போடுங்கள். மனம் வரும்போது செய்வோம் என்றால் மனம் வராது. தேநீர் குடித்த கையோடு, விளக்கு வைத்த கையோடு என்று ஏற்கனவே இருக்கிற பழக்கத்தோடு புதியதை முடிந்து விடுங்கள்.

நான்காவது, எழுதி வையுங்கள். கலண்டரில் ஒரு புள்ளடி போதும். மனம் தோல்வியை நன்றாக நினைவில் வைத்திருக்கும். சிறிய வெற்றியை மறந்துவிடும். ‘வராது’ என்று மனம் வழக்காட வரும் நாளில், அந்தப் புள்ளடிகள் நம் பக்கத்துச் சாட்சிகள்.

ஐந்தாவது, துணை தேடுங்கள். சாமிநாதையர் சமணர் வீட்டுப் படியேறியதுபோல், தெரிந்தவரிடம் போய்த் ‘தெரியாது, சொல்லித் தாருங்கள்’ என்று கேளுங்கள். வயது குறைந்தவராயினும் கேளுங்கள். கைத்தொலைபேசியைப் பேரப்பிள்ளையிடம் படிக்கிற பாட்டிமார் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் நமக்கு முன்மாதிரி.

திருக்குறளின் பொருட்பாலைப் புரட்டினால், அறுபதாம் அதிகாரம் ஊக்கமுடைமை. அடுத்தது மடியின்மை. அடுத்தது ஆள்வினையுடைமை. அதற்கும் அடுத்தது இடுக்கண் அழியாமை. இந்த வைப்புமுறையிலேயே ஒரு வழிகாட்டல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஊக்கம் எழுந்ததும் முன்னால் வந்து நிற்பது சோம்பல். அதைத் தாண்டினால் முயற்சி. முயன்றால் இடையூறு வரும். அப்போது மனம் உடையாதிருக்க வேண்டும். ஊக்கத்தோடு நின்றுவிடுபவர்கள் அறுபதாம் அதிகாரத்தோடு நூலை மூடிவிட்டவர்கள். அடுத்த மூன்று அதிகாரங்களும் அன்றாட வாழ்க்கையிலே படிக்க வேண்டியவை.

இன்றிரவு உங்கள் வீட்டிலே யாராவது ‘எனக்கு வராது’ என்று சொன்னால், கோபியாதீர்கள், போதனையும் செய்யாதீர்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்து, ஐந்து வரி கேளுங்கள். நாளைக்கு இன்னும் ஐந்து வரி.